தாய்மார்களும் தடுப்பூசியும்

(தாய்மார்கள் பெருவாரியாக வந்திருந்த ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் நாம் பேசப்போகும் விஷயம் சாமி உண்டா இல்லையா என்பதல்ல. சடங்கு வேண்டுமா வேண்டாமா என்பதுமல்ல. (சடங்கு கொஞ்சம் குறுக்கே வரும். வரும்போது பார்த்துக் கொள்ளலாம்.) 9 வயது முதல் 14 வயது வரையிலுள்ள பெண்பிள்ளைகளுக்குப் போடச் சொல்லுகின்ற ஒரு ஊசியைப் பற்றியும், அவ்வூசியைக் குறித்துத் தாய்மார்கள் என்ன தெரிந்துகொண்டிருக்கிறார்கள், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பற்றியுமே சில வார்த்தைகள் சொல்லலாமென்று வந்திருக்கிறோம்.

நாம் டாக்டரல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்ட ஆசாமி. ஆதலால் நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நீங்கள் ஒன்றையும் நம்பிவிட வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டு போய், நாளைக்கே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாளிடமோ, கிராம சுகாதார நர்சிடமோ, "ஒருவன் இப்படிப் பேசினான், இது மெய்யா பொய்யா?" என்று கேட்டுப் பாருங்கள். நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்பது அதன் பெயர். கர்ப்பப்பை கீழே குறுகி முடிகின்ற இடத்தில் உண்டாவது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் போட்டிருக்கும் கணக்குப்படி, 2022ஆம் வருஷம் ஒன்றில் மாத்திரம் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. அதே வருஷத்தில் இதனால் இறந்தவர்கள் சுமார் 80 ஆயிரம் பேர். நாம் இங்கே ஒருமணி நேரம் பேசிவிட்டு இறங்குவதற்குள் ஒன்பது பெண்கள் இந்த நாட்டில் இதனால் சாகிறார்கள் என்று அர்த்தம். அவர்களில் பெரும்பாலோர் கிழவிகளல்ல. பிள்ளை குட்டிகளோடு, நடு வயதில், குடும்பத்தைத் தலையில் சுமந்துகொண்டிருக்கும்போது போகிறவர்கள்.

இந்நோய் ஏன் வருகின்றது என்று கேட்டால், நம்மவர்கள் சுலபமாகப் பதில் வைத்திருக்கிறார்கள். தலையெழுத்து என்பார் ஒருவர். போன ஜென்மத்து வினை என்பார் ஒருவர். உடம்புச் சூடு என்பார் மற்றொருவர். 1983ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து ஹாரால்டு சூர் ஹாஸன் என்கின்றவரும் அவருடைய கூட்டத்தாரும், இந்தப் புற்றுக்கட்டியின் சதையில் ஒரு வைரஸ் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். எச்.பி.வி. என்று மூன்றெழுத்தில் சொல்லுகிறார்கள். அக்கிருமியில் பல வகை உண்டு. அவற்றில் 16ஆம் நம்பர், 18ஆம் நம்பர் என்று பெயரிட்ட இரண்டு வகைகளே நூற்றுக்கு எழுபது கேஸுகளுக்குக் காரணம். ஆரம்பத்தில் மற்ற விஞ்ஞானிகள் அவர் சொன்னதை ஒப்பவில்லை. அவர் கோபித்துக்கொண்டு சாபம் கொடுக்கவில்லை. இன்னும் சோதனை செய்து காட்டினார். 2008இல் அவருக்கு நோபெல் பரிசு கொடுத்தார்கள். ஆகவே தலையெழுத்தை யாரும் பார்த்ததில்லை; இந்தக் கிருமியைப் பார்த்திருக்கிறார்கள்.

நமது பெரியம்மாள் ஒருவர் இந்நோயில் இறந்தார். அப்போது நமக்கு இருபது வயதிருக்கும். தீட்டு நின்று நாலைந்து வருஷமான பிறகு மறுபடியும் உதிரம் கண்டது. அம்மாள் அதைப் பெரும்பாடு என்று நினைத்து, சூட்டுக்கு வெந்தயமும் மோரும் குடித்துக்கொண்டிருந்தார். பெண்டுகளிடத்தில் கூடச் சொல்லவில்லை. துர்நாற்றம் வந்து, உட்கார்ந்த இடத்தில் மற்றவர்கள் மூக்கைப் பிடிக்க ஆரம்பித்த பிறகு, குறி கேட்டார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, "ஆறு மாதம் முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். அந்த அம்மாள் ஊரில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் போய் நிற்பவர். அப்படிப்பட்டவருக்குத் தன் உடம்பில் நோய் எந்த இடத்தில் என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டது. "அடியிலே" என்று சொல்லிவிட்டுத் தலையைக் கவிழ்ந்துகொண்டதை நாம் கண்ணால் பார்த்தோம்.

இப்போது ஊசிக்கு வருவோம். இந்தக் கிருமியின் மேல் ஓட்டைப் போல, உள்ளே உயிர்ச்சரக்கு ஒன்றுமில்லாத வெறும் கூட்டைச் செய்து, அதை மருந்தாக்கியிருக்கிறார்கள். பூனைத்தோலைக் கண்டு எலி பழகிக்கொள்வது மாதிரி, உடம்பு அந்த வெறும் கூட்டைக் கண்டு, மெய்க்கிருமி வந்தால் எதிர்க்கத் தெரிந்துகொள்ளுகின்றது. கூட்டுக்குள் ஒன்றுமில்லாததால் அதிலிருந்து நோய் வரமுடியாது. இவ்வழியை ஆஸ்திரேலியாவில் இயான் பிரேஸர், ஜியான் ஜோ என்ற இருவர் 1991 வாக்கில் கண்டார்கள். 2006 முதல் ஊசி புழக்கத்துக்கு வந்தது. நமது நாட்டிலேயே பூனாவில் செய்கிற ஊசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. கிருமி உடம்பில் புகுந்த பிறகு போட்டால் அந்தக் கிருமியை இது விரட்டாது. புகுமுன் போட்டால்தான் பூரண பலன். அதனால்தான் 9 முதல் 14 வயது என்கிறார்கள்.

தாய்மார்களே! இந்த ஊசியைப் பற்றி என்ன தெரியும் என்று நமது தெருவிலும், நாம் போகும் ஊர்களிலும் சுமார் ஒரு வருஷமாக விசாரித்துக்கொண்டு வருகிறோம். பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். அதில் அவர்கள் பேரில் குற்றமில்லை; சொன்னால்தானே தெரியும்! கேள்விப்பட்ட சிலரோ, கேள்விப்பட்ட மாத்திரத்தில் முகத்தைச் சுளித்தார்கள். ஏனென்று கேட்டதற்கு ஒரு அம்மாள் சொன்னார்: "ஐயா, அது ஆம்பிளை சகவாசத்தால் வருகிற நோயாமே! எங்கள் பிள்ளையை நாங்கள் அப்படி வளர்க்கவில்லை."

இந்தப் பதிலை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். ஏனென்றால் மற்ற ஆட்சேபணைகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கின்றது.

கிருமி ஆண் பெண் சேர்க்கையால் வருவது மெய். ஆனால் கலியாணம் செய்துகொள்வதும் சேர்க்கைதான் என்பதை யாரும் ஏன் நினைப்பதில்லை? பத்துப் பொருத்தம் பார்த்து, முகூர்த்தம் வைத்து, அம்மி மிதித்து அருந்ததி காட்டிக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு, அந்தக் கிருமி வேறு யாரிடமிருந்து வரும்? கட்டின புருஷனிடமிருந்துதான் வரும். அவனுக்கு வெளியில் ஒரு அடையாளமும் தெரியாது; அவனுக்கே தெரியாது. உலகத்தில் குடும்பம் நடத்துகிற ஆண் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏதாவதொரு காலத்தில் இக்கிருமி வந்தே தீருகின்றது என்கிறார்கள். பலருக்கு ஓரிரண்டு வருஷத்தில் தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, பதினைந்து இருபது வருஷம் சத்தமில்லாமல் இருந்து புற்றாகின்றது. ஆகவே இந்நோய் வந்தவள் நடத்தை கெட்டவள் என்பது முழுப்பொய். மனதாலும் வேறொருவனை நினைக்காத பத்தினிக்கும் இது வரும். நமது பெரியம்மாள் வாசலைத் தாண்டாதவர்.

பெண்ணின் கற்பு அவளை அக்கினியிலிருந்து காப்பாற்றும், மழையைப் பெய்விக்கும் என்றெல்லாம் கதை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கிருமியிலிருந்து காப்பாற்றாது. ஏனென்றால் கற்பு என்பதை ஒருத்தியின் தலையில் மாத்திரம் கட்டிவிட்டு, மற்றவனை அவிழ்த்து விட்டிருக்கிறோம். கிருமிக்கு இந்தத் தர்மசாஸ்திரம் தெரியாது. "எங்கள் பிள்ளையை அப்படி வளர்க்கவில்லை" என்று சொல்லுகிற தாயாரை நாம் கேட்கின்றோம்: அம்மா, உங்கள் பிள்ளையை நீங்கள் நன்றாக வளர்த்தீர்கள், சந்தோஷம். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனை வளர்த்தது யார்? அவனுக்காக நீங்கள் ஜவாப்தாரி ஆகமுடியுமா?

இன்னொரு அம்மாள், "ஊசி போட்டால் பிள்ளைக்கு அந்தத் தைரியம் வந்துவிடாதா?" என்றார். இந்தச் சந்தேகம் நமது நாட்டுத் தாய்மார்களுக்கு மாத்திரம் வந்ததல்ல, அமெரிக்காவிலும் வந்திருக்கின்றது. அங்கே ஜார்ஜியா மாகாணத்தில் 11, 12 வயதுப் பெண்பிள்ளைகள் 1,398 பேரை, ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் என்று பிரித்து, மூன்று வருஷம் வரையில் ஆஸ்பத்திரிக் குறிப்புகளைக் கொண்டு கவனித்தார்கள். கர்ப்பம், மேகநோய், கருத்தடை யோசனை கேட்டு வருதல் ஆகிய இவைகளில் இரு சாராருக்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை என்று 2012இல் வெளியிட்டார்கள். நாம் கேட்பதெல்லாம், டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்ட எவனாவது துருப்பிடித்த ஆணியைத் தேடிக்கொண்டு போய் மிதித்ததுண்டா என்பதுதான்.

இந்த இடத்தில் சடங்கு வருகின்றது. பெண் பெரியவளானால் நாம் என்ன செய்கிறோம்? பந்தல் போடுகிறோம். ஒலிபெருக்கி கட்டி நாலு தெருவுக்குக் கேட்கப் பாட்டு வைக்கிறோம். நாற்சந்தியில் ஆள் உயரத்துக்குக் குழந்தையின் படத்தைப் போட்டு, "மஞ்சள் நீராட்டு விழா" என்று பிளெக்ஸ் கட்டுகிறோம். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளைத் தெருவழியே ஊர்வலமாகக் கொண்டுவருகிறான். வட்டிக்கு வாங்கி லட்ச ரூபாய் செலவு செய்கிற குடும்பங்களை நமக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுக் குழந்தையின் கர்ப்பப்பை தயாராகிவிட்டது என்பதை ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறோம். அப்போது வெட்கமில்லை. அதே குழந்தையின் அதே கர்ப்பப்பைக்கு நோய் வராமலிருக்க ஒரு ஊசி போடலாம் என்றால், "சீ, இதையெல்லாம் வெளியில் பேசலாமா!" என்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

தோழர்களே! பிறரைச் சொல்லிக்கொண்டே போவது சுலபம். நமது வீட்டுச் சங்கதியையும் சொல்லிவிடுகிறோம். நமக்குப் பதின்மூன்று வயதில் ஒரு பெண் இருக்கின்றாள். டாக்டர் நண்பர் ஒருவர் இவ்வூசியைப் பற்றி நமக்கு விவரமாகச் சொல்லி, "முதலில் உங்கள் பெண்ணுக்குப் போடுங்கள்" என்றார். "ஆகட்டும், பார்க்கலாம்" என்றோம். ஏழு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஊர் ஊராகப் போய்ப் பெண் விடுதலை பேசுகிற நமக்கு மனதுக்குள் என்ன இருந்ததென்றால், "இந்தப் பச்சைக் குழந்தைக்கு, அந்தச் சங்கதிக்கான ஊசியா?" என்கின்ற கூச்சந்தான். மேடையில் விட்டதாகச் சொன்ன குப்பை வீட்டு மூலையில் அப்படியே இருந்தது. கடைசியில் ஒருநாள் இராத்திரி நமது மனைவியாரிடம் மெதுவாக ஆரம்பித்தோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "போலியோ சொட்டு மருந்து ஊத்தினமே, அவ சாக்கடைத் தண்ணியைக் குடிக்கப் போறான்னு நெனைச்சா ஊத்தினோம்? இதைச் சொல்ல ஏங்க உங்களுக்கு ஏழு மாசம்?" என்றார். ஊசி போட்டாயிற்று. ஒருநாள் கை வலித்தது. அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றாள். அது கைவலியாலா, கணக்குப் பரீட்சையாலா என்பது இன்றுவரை தீரவில்லை.

இதை ஏன் சொல்லுகிறோமென்றால், தாய்மார்களுக்கு இந்த ஊசியைப் பற்றி எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று எத்தனையோ பேர் விசாரித்து எழுதுகிறார்கள். பெரும்பாலும் தாயாரைத்தான் கேட்கிறார்கள். தகப்பனைக் கேட்பவர்கள் குறைவு. "அவரைக் கேட்டுச் சொல்லுகிறேன்" என்று அந்தத் தாயார் சொன்னால், அதையும் அவளுடைய அறியாமைக் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். அந்த "அவர்" யார்? இந்தக் கூட்டத்தில் பின்னால் கைகட்டி நிற்கிற நாம்தான்.

நிற்க. பிள்ளை பிறக்காமல் போய்விடும் என்று ஒரு பேச்சு வெகு வேகமாகப் பரவியிருக்கின்றது. செல்போன் வழியாக அனுப்புகிறார்களாம். கோடிக்கணக்கான பெண்பிள்ளைகளுக்குப் போட்டுப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் பார்த்துவிட்டார்கள். முதலில் போட்டுக்கொண்ட பிள்ளைகள் இன்று தாயார்களாகிவிட்டார்கள். இவ்வூசியால் மலடு உண்டாவதாக யாதொரு அத்தாட்சியும் கிடையாது. பிள்ளை பிறக்காமல் செய்வது நோய்தான். அது வந்தால் கர்ப்பப்பையையே அறுத்து எடுக்கிறார்கள். ஊசியால் உண்டாகிற தொந்தரவுகள் இல்லாமலில்லை: கை வலி, லேசான காய்ச்சல், சில பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் மயக்கம். அதற்காகத்தான் ஊசி போட்ட பிறகு சிறிது நேரம் உட்காரவைத்துப் பார்த்து அனுப்புகிறார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்து மூச்சு வாங்குவது எந்த ஊசிக்கும் எங்கோ ஒருவருக்கு ஏற்படலாம். அதற்கும் அந்தச் சிறிது நேரந்தான் காவல்.

ஆனால், தாய்மார்களின் பயம் எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நாம் தயாராயில்லை. ஒரு பயத்துக்கு நியாயம் இருக்கின்றது. அதைச் சொல்லாமல் மறைத்தால் நாமும் புரோகிதன் மாதிரியே ஆகிவிடுவோம்.

2009இல், அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தில் இருந்த கம்மம் ஜில்லாவிலும், குஜராத்தில் வடோதரா ஜில்லாவிலும், ஒரு வெளிநாட்டு ஸ்தாபனம் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து இந்த ஊசியைப் போட்டுப் பார்க்கும் திட்டம் ஒன்று நடத்திற்று. கம்மத்தில் சுமார் 14 ஆயிரம் பெண்பிள்ளைகள். அவர்களில் பலர் ஏழைகள், மலைஜாதிப் பிள்ளைகள், விடுதிகளில் தங்கிப் படிக்கிறவர்கள். அவர்களுடைய தாய் தகப்பன்மாரைக் கேட்டார்களா? 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட சம்மதப் பத்திரங்களில் விடுதி வார்டனே கையெழுத்துப் போட்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் கைநாட்டும் ஏராளமாக இருந்தது. பிறகு அத்திட்டத்திலிருந்த பிள்ளைகளில் ஏழு பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. 2010 ஏப்ரலில் சர்க்கார் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். விசாரித்ததில், ஒரு பிள்ளை தண்ணீரில் மூழ்கியும், ஒரு பிள்ளை பாம்பு கடித்தும், சில பிள்ளைகள் பூச்சிமருந்தைக் குடித்தும், மலேரியாவிலும் இறந்ததாகத் தெரியவந்தது. சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் காணப்படவில்லை என்றார்கள். ஆனால் கேட்காமல் குத்தினது குற்றமா இல்லையா? குற்றமென்றே 2013இல் பார்லிமெண்டுக் கமிட்டி கடுமையாக எழுதிற்று. பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வார்டன் கையெழுத்துப் போட்டால் விடுவார்களா? மலைஜாதித் தாய்க்கு அறிவில்லை, அவளைக் கேட்பானேன் என்ற திமிர்தான் அங்கே வேலை செய்தது. அந்தத் திமிரின் பலன் என்னவாயிற்று? ஊசியின் பேரிலேயே சந்தேகம் விழுந்து, இத்தேசத்தில் இந்தக் காரியம் பத்து வருஷத்துக்கு மேல் பின்னால் போயிற்று.

அதே சமயத்தில் நடந்த மற்றொன்றையும் கேளுங்கள். நமது திண்டுக்கல் ஜில்லாவில், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை உட்பட இந்தியாவில் பல இடங்களில், வேறொரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அது இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்ப்பதற்கானது. 2010இல் சர்க்கார் போட்ட தடையால் அதுவும் பாதியில் நின்றது. சுமார் 5 ஆயிரம் பிள்ளைகள் ஒரே ஊசியோடு நின்றுவிட்டார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்து வருஷம் தொடர்ந்து பரிசோதித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு ஊசி மாத்திரம் போட்டுக்கொண்ட பிள்ளைகளும், மூன்று போட்டுக்கொண்டவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாக, 16, 18ஆம் நம்பர் கிருமிகள் உடம்பில் தங்காமல் தப்பியிருப்பது 2021இல் வெளியாயிற்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே ஊசியும் போதுமென்று சொன்னதற்கு ஆதாரமாயிருந்தவைகளில் இதுவும் ஒன்று. ஆப்பிரிக்காவில் ஏழைத் தேசங்கள் இன்று ஒரு ஊசியோடு காரியத்தை முடிக்கின்றன என்றால், அதில் நமது ஜில்லாப் பிள்ளைகளின் கையும் இருக்கின்றது. இதை நமக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்பிளிக்கைக்காரர்களுக்கே எத்தனை பேருக்குத் தெரியுமோ!

படிப்பில்லாத தாய்மார்கள்தான் இப்படிப் பயப்படுகிறார்கள் என்று யாராவது நினைத்தால் அதுவும் தப்பு. ஜப்பானில் படிக்காத தாயார் உண்டா? அங்கே 2013 ஏப்ரலில் சர்க்கார் இவ்வூசியை எல்லாப் பிள்ளைகளுக்குமென்று ஏற்படுத்தினார்கள். சில பிள்ளைகளுக்குக் கைகால் இழுப்பும் வலியும் வந்ததாகத் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இரண்டே மாதத்தில் சர்க்கார் பயந்து, "நாங்கள் சிபார்சு செய்யவில்லை" என்று பின்வாங்கினார்கள். நூற்றுக்கு எழுபது பேர் போட்டுக்கொண்டிருந்தது ஒருவருக்கும் கீழே போயிற்று. பிறகு நகோயா பட்டணத்தில் சுமார் 30 ஆயிரம் இளம்பெண்களை, 24 விதமான தொந்தரவுகளைக் குறித்து விசாரித்தார்கள். ஊசி போட்டவர்களுக்கு எவ்வளவோ, போடாதவர்களுக்கும் அவ்வளவே இருந்தது. என்றாலும் சர்க்கார் மறுபடியும் வாய்திறந்து சிபார்சு செய்ய 2022 ஆயிற்று. நடுவில் ஒன்பது வருஷம். அந்த வருஷங்களில் வயது தாண்டிப்போன பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் போடும் வேலையும் அதன்பிறகுதான் ஆரம்பித்தது.

ஸ்காட்லாந்தில் அப்படிப் பின்வாங்கவில்லை. 2008 முதல் பள்ளிக்கூடத்திலேயே போட்டுக்கொண்டு வந்தார்கள். 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பிள்ளைகளில் ஒருத்திக்குக்கூட இந்தப் புற்று வரவில்லை என்று 2024இல் கணக்கு வெளியாயிற்று. ஒருத்திக்குக்கூட! அது வெள்ளைக்காரர் தேசம், நமக்கெங்கே நடக்கும் என்பீர்களானால், சிக்கிம் நமது தேசந்தானே? அங்கே 2018இல் வாத்தியார்களுக்கும் தாய் தகப்பன்மாருக்கும் முன்கூட்டியே எடுத்துச் சொல்லி, சந்தேகங்களுக்குப் பதில் சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார்கள். நூற்றுக்குச் சுமார் 95 பிள்ளைகளுக்குப் போட்டு முடித்தார்கள். சிக்கிம் தாய்க்கும் கம்மம் தாய்க்கும் மூளையில் வித்தியாசமில்லை. அவளைக் கேட்டார்கள், இவளைக் கேட்கவில்லை.

அம்மை குத்தவந்த காலத்தில் நமது பாட்டன்மார் மாரியம்மன் கோபித்துக்கொள்ளுவாள் என்று பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்து வைத்தார்கள். 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை மாத்திரம் நிறுத்தவில்லை, போகட்டும்.

ஆண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இக்கிருமி ஆண்களுக்கும் தொண்டையிலும் வேறு இடங்களிலும் புற்று உண்டாக்கும். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பையன்களுக்கும் போடுகிறார்கள். கிருமியைச் சுமந்துகொண்டு வருகிறவனுக்கும் போடுவதுதானே நியாயம்? நமது தேசத்தில் மருந்தும் பணமும் இருக்கிற அளவுக்குப் பெண்பிள்ளைகளுக்கு முதலில் என்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் "ஊசி பெண்ணுக்கு, ஆகையால் குற்றமும் பெண்ணுக்கு" என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள்.

விலை விஷயத்தில் தாய்மார்கள் சொல்லுகிற குறை முழுக்க நியாயம். வெளியில் போட்டால் ஆயிரக்கணக்கில் ஆகின்றது. கூலிக்காரக் குடும்பம் எங்கே போகும்? தமிழ்நாட்டுச் சர்க்கார் 2025 மார்ச்சு மாதத்து வரவு செலவுத் திட்டத்தில், 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இவ்வூசியைப் படிப்படியாக இலவசமாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். உங்கள் ஊருக்கு அது எப்போது, எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று சுகாதார நிலையத்தில் விடாமல் கேளுங்கள். கேட்கும்போது, சம்மதப் பத்திரத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். வாத்தியார் படித்துச் சொன்னால் போதாது. பத்திரத்தை உங்கள் கையில் வாங்கி, உங்கள் பெண்ணையே சத்தமாக வாசிக்கச் சொல்லி, புரியாததைக் கேட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். அவளும் அவளுடைய உடம்பில் என்ன இருக்கின்றது என்று தெரிந்துகொள்ளட்டும்.

(இச்சமயம் கூட்டத்தின் நடுவிலிருந்த ஒரு அம்மாள் எழுந்து, "பிள்ளைகளுக்குச் சொன்னீர்கள் ஐயா. எனக்கு நாற்பத்திரண்டு வயது ஆகிறது. எங்களுக்கு என்ன வழி?" என்று கேட்டார்.)

நல்ல கேள்வி, அம்மா. நாமே சொல்லியிருக்க வேண்டியது; விட்டுவிட்டோம். உங்கள் வயதுக்கு இந்த ஊசியால் பெரிய பிரயோசனமில்லை. பரிசோதனைதான் வழி. 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள். நீர்த்த காடியை, அதாவது வினிகரை, கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்த்தால், கெட்டுப்போக ஆரம்பித்திருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். சில நிமிஷ வேலை. வலி அதிகமில்லை. ஆரம்பத்திலேயே தெரிந்தால் புற்றாவதற்கு முன்பே அந்த இடத்தை மாத்திரம் குளிரவைத்தோ சுட்டோ சரிசெய்துவிடுகிறார்கள். இதையும் நமது திண்டுக்கல் ஜில்லாவில்தான் 2000 முதல் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செய்து பார்த்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்நோயால் சாவது நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு குறைந்ததென்று 2007இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளும் 30 வயதானபின் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டியதுதான். எல்லா வகைக் கிருமிக்கும் ஊசியில் மருந்தில்லை.

(அந்த அம்மாள், "அங்கே பார்ப்பது ஆம்பிளை டாக்டரா?" என்று கேட்டார்.)

பெரும்பாலும் பெண் நர்சுகளே செய்கிறார்கள், அம்மா. போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகக் கூச்சமாயிருந்தால், இங்கே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தீட்டு நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.